பொம்மிக்கு இன்னும் டிக்கெட் எடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் பிறையில் இருக்கிறோம். கணவருக்கு மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் பத்து வாரத்தில் நானும் இரண்டு பிள்ளைகளும் அவரோடு கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டில் பொம்மி இருக்கிறாள். ஆறு வயது, கம்போங் நாய்தான். பாகான் டாலாமில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் கிடந்தவளைப் பெரியவன் தூக்கிக்கொண்டு வந்தான். கருத்தடை செய்தாகிவிட்டது, வருடா வருடம் ஊசியும் போடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன் உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்தாள். ஓர் ஏஜென்ட்டிடம் கேட்டோம். "ஆறு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம், சிங்கப்பூர் வழியா அனுப்பிடலாம்" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். விமானத்தில் எங்களோடு உட்கார வைக்க முடியுமா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா? சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் அம்மா, "நாய்க்கு எதுக்கு விசா? என்கிட்ட விட்டுட்டுப் போ" என்கிறார். பிள்ளைகள் அழுகிறார்கள். என்ன செய்வது?
- பிறை வாசகி

பதில்:

சகோதரிக்கு, பத்து வாரத்தில் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பணம் கொடுத்தாலும், எந்த ஏஜென்ட்டைப் பிடித்தாலும், தீபகற்ப மலேசியாவிலிருந்து ஒரு நாய் நேர்வழியில் ஆஸ்திரேலியா போய்ச் சேர ஏழு எட்டு மாதமாவது ஆகும். நீங்கள் நால்வரும் உங்கள் தேதியில் கிளம்புங்கள். பொம்மியின் பயணத்துக்குத் தேதி குறிப்பது அவளுடைய ரத்தம். அந்தக் கணக்கு வேறு.

ஏஜென்ட், கூண்டு, டிக்கெட் எல்லாம் பிறகு. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்தாள் என்று. அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது.

நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமியால் வருவது. பழுப்பு நிற நாய் உண்ணி கடித்து ரத்தத்தில் ஏறும். அந்த உண்ணி சுவர் வெடிப்பிலும் நாய்க்கூண்டின் மூட்டுகளிலும் குடியிருக்கும். வெயிலும் ஈரமும் வருடம் முழுக்க இருப்பதால் பினாங்கில் அதற்கு ஓய்வுக் காலமே கிடையாது. தெருவில் பிறந்த நாயின் ரத்தத்தில் இந்தக் கிருமியின் அடையாளம் இருந்தால் எந்தக் கால்நடை மருத்துவரும் ஆச்சரியப்பட மாட்டார். டாக்சிசைக்கிளின் மாத்திரையை நான்கு வாரம் விடாமல் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடுகின்றன. உங்கள் பொம்மியும் அப்படித்தான் தேறியிருப்பாள்.

ஆனால் நாய் தேறிய பிறகும், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்திலிருந்து மறைய மாதக்கணக்கில் ஆகும், சில நாய்களுக்கு வருடக்கணக்கில்கூட. ஆஸ்திரேலியா கேட்பது அந்த எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையை. புறப்படுவதற்கு முந்தைய 45 நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் முடிவு நெகட்டிவாக வந்தாக வேண்டும். நாய் ஆரோக்கியமாகத் துள்ளுகிறதா, சாப்பிடுகிறதா என்பதை அந்தச் சோதனை பார்க்காது. 2020-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியிலும் வடக்குப் பிரதேசத்திலும் இந்தக் கிருமி அவர்கள் நாட்டு நாய்களிலேயே தென்பட்டது. "அங்கேயே இருக்கிறதே, பிறகு ஏன் எங்களைத் தடுக்கிறார்கள்?" என்று என்னிடம் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் விதி மாறவில்லை.

இந்தச் சோதனை வரிசையில் கடைசியில் வருவதால் பலர் அதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாள சிப், ரேபிஸ் என்ற வெறிநோய்க்கான ஊசி, அதன் எதிர்ப்பொருள் அளவுக்கு ரத்தச் சோதனை, ஆறு மாதக் காத்திருப்பு, இறக்குமதி பெர்மிட் என்று எல்லாவற்றுக்கும் செலவழித்து முடித்த பிறகு, பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாசிட்டிவ் என்று வந்து நிற்கும். அப்போது மாத்திரை கொடுத்தாலும் எதிர்ப்பொருள் நம் அவசரத்துக்கு இறங்காது. உங்களைப் போல ஏற்கெனவே காய்ச்சல் கண்ட நாய் வைத்திருப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இந்த வாரமே உங்கள் கிளினிக்கில் எர்லிக்கியாவுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் பத்து நிமிடத்தில் பார்க்கும் கிட் ஒன்று உண்டு. அதில் பாசிட்டிவ் வந்தால் நிலவரம் உடனே தெரிந்துவிடும். நெகட்டிவ் வந்தாலும் அதோடு நிறுத்த வேண்டாம். ஆஸ்திரேலியா ஏற்பது ஆய்வுக்கூடத்தில் செய்யும் ஒளிர் முறைச் சோதனை, அது இன்னும் கூர்மையானது. அதற்கும் ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். இந்தச் செலவு மொத்தச் செலவில் ஒரு துளி.

இரண்டாவது, நீங்கள் சொல்லும் "வருடா வருடம் ஊசி". அந்த அட்டையை எடுத்து ஒவ்வொரு ஸ்டிக்கராகப் படியுங்கள். தீபகற்பத்தில் நாய்களுக்கு வருடாந்திரமாகப் போடுவது பெரும்பாலும் டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசி. அதில் ரேபிஸ் இருக்காது. 2012-ல் மலேசியா ரேபிஸ் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டிருந்தது, அதனால் தனியாகப் போடும் பழக்கமும் இல்லை. 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் நோய் தலைகாட்டி, தெருநாய்களைக் கொல்வதா கூடாதா என்று இங்கே பெரிய வாக்குவாதமே நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் வடக்கில் பல கிளினிக்குகள் ரேபிஸ் ஊசியை எடுத்துச் சொல்லிப் போட ஆரம்பித்தன. பொம்மியின் அட்டையில் அது இல்லையென்றால் பதற வேண்டாம். சிப்பை முதலில் வைத்துவிட்டு, அந்த எண்ணோடு ஊசியைப் பதியச் சொல்லுங்கள். பழைய ஊசி இருந்து சிப் இல்லாமல் போட்டிருந்தால், மறுபடி போட்டுக்கொள்வதே வம்பில்லாத வழி.

இனி அந்த ஆறு மாதக் கணக்கு. ரேபிஸ் ஊசி போட்டு மூன்று நான்கு வாரம் கழித்து ரத்தம் எடுத்து, ஆஸ்திரேலியா ஏற்கும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். ஒரு தடவை ஊசி போட்ட நாய்களில் சில இந்த அளவை எட்டாது. மறுபடி ஊசி, மறுபடி ரத்தம். அளவு எட்டிவிட்டால், ரத்தக்குழாய் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து அல்ல, இதைக் கவனியுங்கள். குழாய் கிளினிக்கின் குளிர்பெட்டியில் ஒரு வாரம் கிடந்தால் அந்த ஒரு வாரம் உங்களுக்கு நஷ்டம். என்றைக்குக் கூரியரில் போகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முடிவு, ரத்தம் எடுத்ததிலிருந்து 12 மாதம் செல்லும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் கதவு ஏறக்குறைய ஆறு மாத அகலம். அதற்குள் அவள் ஏறியாக வேண்டும்.

ஏன் 180 நாள்? ஊசி வேலை செய்கிறதா என்று ரத்தமே சொல்லிவிட்டதே என்று நினைப்போம். ரேபிஸ் கிருமி உடலுக்குள் புகுந்து மாதக்கணக்கில் சத்தமே காட்டாமல் இருக்கும். ஊசி போடுவதற்கு முன்பே கடிபட்ட நாயாக இருந்தால், அந்த நோய் வெளியே வர இந்தக் கால அவகாசம். பொம்மி வீட்டுக்குள்ளேயே இருப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது.

ரத்தம் எடுக்கப் போகும் முன் இன்னொரு வேலையை விட்டுவிடாதீர்கள். 2023 மார்ச்சிலிருந்து ஆஸ்திரேலியா ஒரு சலுகை தருகிறது. ரேபிஸ் அளவுக்கு ரத்தம் எடுப்பதற்கு முன்பே அரசாங்கக் கால்நடை மருத்துவர் ஒருவர் நாயின் சிப்பைத் தாமே ஸ்கேன் செய்து, இந்த நாய்தான் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால், அங்கே போய்த் தனிமைக் காவலில் அடைபடும் நாள் 10. அது இல்லையென்றால் 30. நம் தரப்பில் அதைச் செய்ய வேண்டியவர் கால்நடைச் சேவைத் துறை அதிகாரி, உங்கள் கிளினிக் டாக்டர் அல்ல. ரத்தம் எடுத்த பிறகு போய்க் கேட்டால் பயனில்லை. ஒரு காலைப் பொழுது அலைந்தால் பொம்மிக்கு இருபது நாள் மிச்சம்.

சிங்கப்பூர் வழிக்கு வருகிறேன். அந்த ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நாய் எந்த விமான நிலையத்தில் ஏறுகிறது என்பதை மட்டும் வைத்து ஆஸ்திரேலியா முடிவு செய்வதில்லை, அது எங்கே வாழ்ந்தது என்றும் கேட்கிறது. ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் பொம்மி சிங்கப்பூர் நாயாகிவிட மாட்டாள். தவிர, மலேசிய நாய் சிங்கப்பூருக்குள் போகவே அவர்களுடைய பெர்மிட், ரத்தச் சோதனை, தனிமைக் காவல் எல்லாம் உண்டு. ஆக "வழி" என்று அவர் சொல்வது ஒன்று அவருக்கே விவரம் தெரியாத பேச்சாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் எங்கே இருந்தாள் என்பதைக் காகிதத்தில் மாற்றி எழுதும் வேலை. இரண்டாவதாக இருந்தால், மாட்டிக்கொள்ளும்போது கையெழுத்துப் போட்டவர் நீங்கள். நாயைத் திருப்பி அனுப்புவார்கள் அல்லது கொன்றுவிடுவார்கள். ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பே 2015-ல் இரண்டு குட்டி டெரியர்களைச் சொல்லாமல் தனி விமானத்தில் கொண்டுபோய், அமைச்சர் தொலைக்காட்சியில் மிரட்டிய பிறகு திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மறுவருடம் அவர் மனைவி நீதிமன்றத்தில் நின்று, பொய்யான படிவம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். அவர்களுக்கே அந்தக் கதி.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெல்பர்னுக்கு உண்மையிலேயே நாய் அனுப்பிப் பழகியவர் என்றால் உங்களுக்கு உதவியாகவே இருப்பார், அதுவும் நீங்கள் முன்னாடியே கிளம்பிவிடப் போவதால். ஆளைத் தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: "நிப்பா சோதனைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். முழித்தால் நன்றி சொல்லி விடைபெறுங்கள்.

1998-99-ல் ஈப்போ பக்கம் தொடங்கி, நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வரை பன்றிகளிடமிருந்து மனிதருக்குப் பரவிய நோய் அது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தார்கள். அப்போது பண்ணைகளைச் சுற்றித் திரிந்த நாய்களிடமும் கிருமியைக் கண்டார்கள். அதனால் இன்றைக்கும் தீபகற்ப மலேசிய நாய்களுக்கென்று தனி நிபந்தனை இருக்கிறது. பன்றிகளோடு தொடர்பில்லை என்று அரசாங்கச் சான்று, கிளம்பும் நேரத்தில் ஒரு ரத்தச் சோதனை. பிரிட்டனும் ஐரோப்பாவும்கூட இதைக் கேட்கின்றன, அங்கே போகும் வாசகர்களும் குறித்துக்கொள்ளலாம். வால்டோர், கம்போங் செலாமாட் மாதிரிப் பண்ணைகள் உள்ள பக்கம் பொம்மியை இந்தக் காலத்தில் கூட்டிப் போகாதீர்கள். அவளைப் பார்த்துக்கொள்ளப் போகும் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் பன்றிப் பண்ணை இருக்கிறதா என்பதையும் விசாரித்து வையுங்கள்.

மற்ற சில்லறை வேலைகளை உங்கள் கால்நடை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா நோய்க்குச் சோதனை, குடற்புழு மருந்து இரண்டு தடவை, பெர்மிட் விண்ணப்பம். கருத்தடை செய்திருப்பதால் இனச்சேர்க்கையில் பரவும் புருசெல்லா நோய்க்கான சோதனைத் தொல்லை உங்களுக்கு இல்லை. உண்ணி மருந்தில் மட்டும் கவனம். இப்போது எல்லோரும் நெக்ஸ்கார்ட், பிரவெக்டோ மாதிரி தின்னும் மாத்திரைக்கு மாறிவிட்டோம். நல்ல மருந்துகள்தான், நானும் எழுதித் தருகிறேன். ஆனால் உண்ணி கடித்தால்தான் அவை கொல்லும். ஆஸ்திரேலியா கேட்பது தொட்டவுடனே கொல்லும் மருந்து, அதாவது கழுத்தில் ஊற்றுவது அல்லது பட்டை. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அது உடம்பில் இருக்க வேண்டும். அங்கே போய் இறங்கியதும் உடம்பில் ஓர் உண்ணி கண்டால் காவல் நாள் நீளும், செலவும் உங்கள் தலையில்.

உங்களோடு இருக்கையில்? முடியாது. ஆஸ்திரேலியாவுக்குள் நாய் சரக்காகத்தான் நுழைய முடியும், வழிகாட்டி நாய் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. சரக்கு என்றதும் பெட்டி மூட்டையோடு இருட்டில் கிடக்கும் என்று பயப்படாதீர்கள். உயிருள்ளவை போகும் அறையில் காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் பக்கம் போலவே பராமரிக்கப்படும். எனக்குக் கவலை வானத்தில் அல்ல, தரையில். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ வரை ஐந்து மணி நேரம் வேனில், பிறகு ஏற்றும்வரை காத்திருப்பு. பகல் வெயிலில் இதைச் செய்யாமல், இரவு கிளம்பும் நேரடி விமானமாகப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து மெல்பர்ன் எட்டு மணி நேரம்தான். பக், ஷீட்ஸு மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்கு இதே பயணத்தை நான் இன்னும் தயங்கித்தான் சொல்வேன். கம்போங் நாயின் நீள மூக்கு இந்த விஷயத்தில் வரம்.

தூக்க மாத்திரை கூடாது. மயங்கிய நாயால் தன் உடல் சூட்டைத் தணிக்க முடியாது, கூண்டு ஆடும்போது சமாளித்து நிற்க முடியாது, ரத்த அழுத்தம் இறங்கினால் பார்க்க ஆளில்லை. மருந்து கொடுத்தது தெரிந்தால் விமானத்தில் ஏற்றவும் மறுப்பார்கள். அதற்குப் பதில் கூண்டை இப்போதே வாங்கி ஹாலில் போடுங்கள், கதவைக் கழற்றிவிட்டு. சாப்பாட்டுத் தட்டை உள்ளே வையுங்கள். இரண்டு மாதத்தில் அவளாகவே போய்ப் படுப்பாள். கதவை மாட்டுவது அதற்குப் பிறகு. அளவு: அவள் தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். பாசத்தில் இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் சரக்குக் கட்டணம் ஏறும், ஏனென்றால் அங்கே எடையைவிடக் கொள்ளளவுதான் பேசும்.

மெல்பர்னில் இறங்கியதும் அதிகாரிகளே வந்து வடக்கே மிக்கில்ஹாம் என்ற இடத்தில் உள்ள அரசாங்கக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போய்விடுவார்கள். அங்கே இடம் முன்பதிவு செய்ய வேண்டும், பெர்மிட் கிடைத்த அன்றே செய்யுங்கள். பத்து நாளும் பார்க்கப் போக முடியாது. கூண்டில் போட்ட துணி, பொம்மை எதுவும் திரும்பி வராது, அழித்துவிடுவார்கள். சின்னவளுக்குப் பிடித்த போர்வையை அதில் வைத்து அனுப்பாதீர்கள். அந்த அழுகையையும் நீங்கள்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் அம்மா. கடிதத்தில் அவர் மேல் லேசாக ஒரு கோபம் தெரிகிறது. ஆனால் இந்த ஏழெட்டு மாதத்துக்கு பொம்மியை வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். அவர் தானாக முன்வந்து கேட்கிறார், அதை நல்ல வாய்ப்பாகப் பாருங்கள். கிளம்புகிற அன்று அப்படியே கொண்டுபோய் விட்டுவிடாமல், இப்போதிருந்து வார இறுதிகளில் ஓரிரு இரவு அங்கே தங்க வையுங்கள், உங்கள் சாமான்கள் பெட்டிக்குள் போவதைப் பார்த்து அவள் பதறுவதற்கு முன்பாக. சுவர் வெடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று அம்மா வீட்டுத் தாழ்வாரத்தை ஒரு முறை பாருங்கள். அங்கே மறுபடி கடி வாங்கினால் நாம் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் வீண்.

எர்லிக்கியா சோதனை பாசிட்டிவாக வந்தால் மருந்து கொடுத்து, உண்ணி அண்டாமல் வைத்து, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். அளவு இறங்கிக்கொண்டே வந்தால் நம்பிக்கை உண்டு. அதுவரை ரேபிஸ் சோதனைக்கான ரத்தத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், அதன் 12 மாதம் ஓடிவிடும். இறங்கவே இல்லையென்றால் அவள் சுங்கைப் பட்டாணியிலேயே இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். அதை அவளைக் கைவிடுவதாக நினைக்காதீர்கள். ஆறு வயது நாய்க்கு அவளை விரும்பும் ஒரு கிழவியும் வெயில் காயும் தாழ்வாரமும் போதும். பிள்ளைகளிடம் "கண்டிப்பா வருவா" என்று இப்போது சொல்லிவிடாதீர்கள். முதல் சோதனை முடிவு வரும்வரை "டாக்டர் பார்க்கிறார்" என்பதோடு நிறுத்துங்கள்.

இரண்டில் எதுவானாலும், நீங்கள் கிளம்பும் முன் செபராங் பிறையில் எடுத்த நாய் உரிமத்தை முடித்துவிட்டு, சுங்கைப் பட்டாணி நகராண்மைக் கழகத்தில் அம்மா பெயரில் புதிதாக எடுங்கள். சிப் பதிவில் அம்மாவின் கைப்பேசி எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். நாய் பிடிக்கும் லாரி வந்தால், மெல்பர்னில் இருக்கும் உங்கள் எண்ணுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள்.